அனனியாவின் இரண்டு ஆண்டுகளும் எரேமியாவின் எழுபதும்

நம்முடைய சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்திற்கு எழுதப்படாத ஓர் ஒழுங்கு உண்டு. நோய் வந்தது, ஜெபித்தோம், சுகம் கிடைத்தது. வேலை போனது, உபவாசித்தோம், முன்னதைவிட நல்ல வேலை அமைந்தது. பிள்ளைக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது, கர்த்தர் ஏற்ற வேளையில் முடித்துத் தந்தார். இந்தச் சாட்சிகளை நான் குறைத்து எண்ணவில்லை. எங்கள் குடும்பத்திலும் இப்படிப்பட்ட நன்மைகள் நடந்திருக்கின்றன, அவற்றுக்காக நாங்கள் இன்றும் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம். ஆனால், முடிவு இன்னும் வந்து சேராதவர்கள் அந்த நேரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கர்த்தர் உண்மையுள்ளவர் என்று சொல்ல வேண்டுமானால் கையில் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை நாமே அவர்களுக்குள் வளர்த்துவிட்டோம். வேதாகமம் இந்த விஷயத்தில் நம்மிடமிருந்து வெகுவாக வேறுபடுகிறது. தேவனுடைய உண்மையைப் பற்றிய அதன் மிக உறுதியான வார்த்தைகள், ஒன்றும் கிடைக்காதவர்களின் வாயிலிருந்தே வருகின்றன.

எரேமியாவின் 28-ஆம் அதிகாரத்தை நான் அடிக்கடி வாசிப்பதற்கு இதுவே காரணம். சிதேக்கியா யூதாவை ஆண்ட நான்காம் ஆண்டு, ஐந்தாம் மாதம். எருசலேம் தேவாலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கும் வேளையில், கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்னும் தீர்க்கதரிசி எழுந்து நின்று, பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார் என்றும், நேபுகாத்நேச்சார் எடுத்துச் சென்ற ஆலயப் பணிமுட்டுகள் இரண்டு வருஷ காலத்தில் திரும்பி வந்துவிடும் என்றும், சிறையாகக் கொண்டுபோகப்பட்ட எகொனியா ராஜாவும் மற்ற எல்லாரும் ஊர் திரும்புவார்கள் என்றும் அறிவிக்கிறான். எதிரே நிற்கும் எரேமியாவின் கழுத்தில் ஒரு மர நுகம் கிடக்கிறது. பாபிலோனுக்குப் பணிந்து பிழைத்திருங்கள் என்று சொல்வதற்கு அடையாளமாக, கர்த்தர் சொன்னபடி அவர் அதைச் சுமந்து திரிந்தார். அந்தக் கூட்டத்தில் நாம் இருந்திருந்தால் யாருடைய வார்த்தைக்கு அல்லேலூயா சொல்லியிருப்போம் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. அனனியாவின் பேச்சில்தான் விசுவாசம் நிறைந்திருப்பதாகத் தோன்றும். எரேமியாவின் பேச்சோ அவிசுவாசமாகவும், எதிரிக்கு உடந்தையாகவும்கூடக் கேட்டிருக்கும்.

எரேமியா முதலில் சொல்லும் பதில் ஒவ்வொரு வாசிப்பிலும் என்னை நிறுத்திவிடுகிறது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அது கேலியல்ல என்றே நான் நினைக்கிறேன். தன் ஜனங்கள் வீடு திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கும் இருந்தது. அனனியா சொன்னது நடந்தால் அவரைவிட மகிழ்ந்திருக்கக்கூடியவர் யாரும் இல்லை. ஆனால் தன் ஏக்கத்தைக் கர்த்தருடைய வாக்கென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அனனியா அந்த நுகத்தை அவர் கழுத்திலிருந்து எடுத்து, எல்லாருடைய கண்களுக்கும் முன்பாக உடைத்துப்போட்டபோதும் எரேமியா மறுமொழி பேசாமல் தம் வழியே போய்விடுகிறார். அதன் பின்புதான், மர நுகத்தை உடைத்த இடத்தில் இரும்பு நுகம் வரும் என்ற கர்த்தருடைய வார்த்தை அவருக்கு உண்டாகிறது. கர்த்தர் அனுப்பாதிருந்தும் இந்த ஜனத்தைப் பொய்யை நம்பச் செய்தாய் என்று அனனியாவிடம் அவர் சொன்ன அதே ஆண்டு ஏழாம் மாதத்தில் அனனியா இறந்துபோகிறான்.

அடுத்த அதிகாரத்தில்தான் நம் வீட்டுச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் இடம்பெறும் அந்தப் புகழ்பெற்ற வசனம் வருகிறது. நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவானவை என்று கர்த்தர் சொல்லும் 29:11. அதற்கு முந்திய வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது 10-ஆம் வசனம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர், தாம் ஊர் திரும்பப்போவதில்லை என்பதை அப்போதே தெரிந்துகொண்டிருப்பார். அவருக்குக் கிடைத்த கட்டளை, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்பதாகும். தன் வாழ்நாளுக்குள் நிறைவேறாத ஒரு வாக்கை நம்பி, அந்நிய மண்ணில் முருங்கையோ மாதுளையோ நட்டு வைப்பது எளிதான விசுவாசம் அல்ல. இரண்டு ஆண்டுகள் என்று அனனியா சொன்னதை நம்பி மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள், மூன்றாம் ஆண்டில் கர்த்தரையே சந்தேகித்திருப்பார்கள். எழுபது என்ற கசப்பான எண்ணைக் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் வர இடமில்லை. தேவனுடைய பெயரால் சொல்லப்படும் ஆறுதலான பொய், பின்னாளில் தேவன்மேலேயே பழியாக வந்து விழுகிறது என்பதால்தான் அனனியாவின் பாவத்தை வேதம் அவ்வளவு கடுமையாக எண்ணுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பிறகு கி.மு. 586-இல் எருசலேம் விழுந்தது. ஒன்றரை ஆண்டு முற்றுகையில் நகரத்துக்குள் நடந்தவற்றைப் புலம்பல் நூல் மறைக்காமல் சொல்கிறது: தாகத்தால் பால்குடிக்கும் குழந்தையின் நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொள்கிறது, பிள்ளைகள் அப்பம் கேட்கிறார்கள், கொடுப்பார் இல்லை; அதற்கு மேலும் சொல்லக் கூசும் காரியங்கள் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. அந்த நூலின் நடு அதிகாரத்தில்தான், அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்றும், "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்றும் வாசிக்கிறோம். அதைச் சொன்னவருக்கு அன்று காலையில் எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை. மதில் இடிந்தே கிடந்தது. அந்த வார்த்தைகளுக்குப் பின்னும் புலம்பல் தொடர்கிறது. எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற அங்கலாய்ப்போடுதான் ஐந்தாம் அதிகாரமும் நூலும் முடிகின்றன. நாமோ 3-ஆம் அதிகாரத்தின் அந்த இரண்டு வசனங்களை மட்டும் எடுத்து, சூரிய உதயப் படத்தின் மேல் அச்சிட்டுக் காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அனுப்புவதில் குற்றமில்லை. ஆனால் இடிபாடுகளின் நடுவிலிருந்து எழுந்த குரல் அது என்பதை அறிந்து வாசிக்கிறவருக்கு, குறிப்பாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு, அது பல மடங்கு பெலன் தரும்.

என் சித்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சித்தி சிறிய உடம்புக்காரர். கணவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போட்டு, கஞ்சியை ஸ்பூனால் கடைவாயில் விட்டு, விழுங்கும் வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பார். ஒருநாள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. நானும் அன்று அங்கே இருந்தேன். சாட்சி சொல்ல அழைத்தபோது அவர் எழுந்து நின்று, தம் வீட்டுப் பேச்சிலேயே இப்படிச் சொன்னார்: "அவங்களுக்குக் கை இன்னும் வரல. பேச்சும் தெளியல. ராத்திரி புரட்டிப் படுக்க வைக்கையில சில நாள் எனக்குக் கோவம் வருது, ஆண்டவர்கிட்டயே கோவப்படுதேன். ஆனா அவரு என்னைய விட்டுட்டுப் போகல. அது எனக்கு நல்லாத் தெரியுது. அதச் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

கூட்டத்தில் ஒரு சிறு மௌனம் நிலவியது. நடத்திக்கொண்டிருந்தவர் உடனே, அடுத்த மாதம் பூரண சுகத்தோடு சாட்சி சொல்வார்கள் என்று விசுவாசிக்கிறோம் என்று சொல்லிப் பாடலை எடுத்துவிட்டார். அவர் அன்பினால்தான் அப்படிச் சொன்னார். சித்தியின் பாரத்தைக் குறைக்க விரும்பினார். ஆனாலும் அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட மிக உண்மையான வார்த்தைகள், திருத்தப்பட வேண்டியவை போல ஆகிவிட்டன.

அதே வீட்டில் நான் கண்ட இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தண்ணீர் வேண்டுமென்று கேட்கக்கூட நா எழாத சித்தப்பா, காலை ஜெபத்தில் சித்தி கீர்த்தனையைத் தொடங்கினால் கூடவே பாடுவார். முதல் சரணம் முழுவதும் சொற்கள் ஏறக்குறையப் பிசகாமல் வரும்; பாட்டு நின்றதும் பேச்சும் நின்றுவிடும். பார்க்க வந்த ஒருவர் இதைக் கேட்டு, பெரிய அற்புதம் நடந்திருக்கிறது, சபைப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று கண்கலங்கினார். சித்தி அவரைத் தடுத்தார். "அற்புதம்னு எழுதிராதீங்க அண்ணாச்சி. பேச்சு போனாலும் பாட்டு வரும்னு டாக்டரு முன்னமே சொல்லிட்டாரு. பேச்சுக்கு மூளையில ஒரு பக்கம், பாட்டுக்கு வேற பக்கமாம். அப்படிப் படைச்சு வச்சிருக்காரே, அதுக்கு நான் தெனமும் ஸ்தோத்திரம் பண்ணுதேன்." மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்றுதான் இது; மூளையின் இடது பாதி பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்த பலரால் பாட முடிகிறது. நடந்ததை நடந்த அளவுக்கு மட்டும் சொல்லி, அந்த அளவுக்குள்ளேயே கர்த்தரை மகிமைப்படுத்த முடியும் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

யோபுவும் தன் நண்பர்களிடம் இதைத்தான் கேட்டார். தேவனுக்காக நீங்கள் நியாயக்கேடாகப் பேச வேண்டுமோ, அவருக்காக வஞ்சகமாக வசனிக்க வேண்டுமோ என்ற அவருடைய கேள்வி 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் தேவனுடைய நீதிக்காக வாதாடினார்கள். சொன்ன வசனங்களில் பல தனித்தனியே பார்த்தால் சரியானவையே. யோபுவோ தேவனோடு வழக்காடினார், தான் பிறந்த நாளைச் சபித்தார். கடைசி அதிகாரத்தில் கர்த்தர், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று நண்பர்களிடம் சொல்கிறார். கண்ணீரோடு சொல்லப்பட்ட உண்மையைக் கர்த்தர் தாங்குகிறார். தமக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பொய்யை அவர் ஏற்பதில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரமும் இந்த வகையில் எனக்கு அருமையானது. எபேசுவில் அவருடைய உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுவந்து போட்டபோதே நோயாளிகள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அதே பவுல், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார். விளக்கமும் இல்லை, துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்ற குறிப்பும் இல்லை. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால்தான், எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள், கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார் என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே தாளில் எழுத அவருக்குத் தயக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக ஓடியாடி உழைத்தவர், 1931-இல் களக்காட்டில் விழுந்து அடிபட்டார். சுகத்துக்காக ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன. பழைய நடமாட்டம் திரும்பவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. அந்த அறையிலிருந்தபடியே எழுதினார். அதனால்தான் அவருடைய எழுத்துகளை நோயாளிகள் நம்பி வாசிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சாட்சி வேளைக்கும் நோய்ப் படுக்கைக்கும் மட்டும் உரிய காரியமல்ல இது. கர்த்தர் வாக்கு மாறாதவர் என்று ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர், திங்கட்கிழமை சொல்லும் சிறிய வார்த்தைகளில் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் அக்கம்பக்கத்தார் கவனிக்கிறார்கள். கொரிந்து சபைக்கு வருவதாகச் சொல்லியிருந்த பவுல் பயணத்தை மாற்றிக்கொண்டபோது, அவருடைய பேச்சு ஆம் என்றும் அல்ல என்றும் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஒரு பயணத் திட்டத்தைப் பற்றிய இந்தச் சாதாரணச் சச்சரவுக்குப் பதில் சொல்லும்போதுதான், தேவன் உண்மையுள்ளவர் என்றும், அவருடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்றும் அவர் எழுதுகிறார். அவ்வளவு உயர்ந்த சத்தியம் அவ்வளவு அன்றாடமான ஒரு விஷயத்திலிருந்து பிறந்திருக்கிறது. தன் வாய்ச்சொல் நம்பத்தகாததாக இருந்தால் தான் அறிவிக்கும் சுவிசேஷமும் நம்பத்தகாததாகிவிடும் என்று பவுல் அஞ்சினார்.

எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இதைத் தன் கடையில் கடைப்பிடிக்கிறார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எங்கள் ஊர்த் தையல் கடைகளில் துணி மலைபோல் குவியும். எல்லாரிடமும் 24-ஆம் தேதி சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம். அவர் மட்டும், தன்னாலும் தன் உதவியாளராலும் தைத்து முடிக்கக்கூடிய அளவு சேர்ந்ததும், நவம்பர் முடியும் முன்பே கூட, கிறிஸ்துமஸ் துணி இனி வாங்க இயலாது என்று சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டிவிடுவார். வருமானம் போகிறதே, நாலு பேரிடம் தேதியை ஒப்புக்கொண்டால் இரண்டு பேருக்காவது கொடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்சே தேதி சொல்லிட்டு, கோவில்ல போயி வாக்குத்தத்தம் பண்ணினவர் உண்மையுள்ளவர்னு எப்படிண்ணே பாடுறது?" ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று சொல்லும் 15-ஆம் சங்கீதத்துக்கு விரிவுரை எழுதினால், அந்தச் சிலேட்டை முதல் பக்கத்தில் வைப்பேன்.

இதே கண்ணோட்டத்தில், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்ற சொல்லையும் நாம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். நம்மிடையே இது போனை வைப்பதற்கு முன் சொல்லும் மரியாதைச் சொல்லாகிவிட்டது. கேட்பவரோ அதை அப்படியே நம்பி, யாரோ ஒருவர் தனக்காக முழங்காலில் நிற்கிறார் என்ற தைரியத்தோடு அன்றிரவைக் கடக்கிறார். அந்த நம்பிக்கை வீண்போகக் கூடாது. அதனால் எங்கள் வீட்டில், யாராவது போனில் பாரத்தைச் சொன்னால், அழைப்பைத் துண்டிக்கும் முன் அப்போதே ஒரு நிமிடம் ஜெபித்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. சொன்ன சொல் அங்கேயே நிறைவேறிவிடுகிறது.

குடும்ப ஜெபத்தில் சங்கீதங்களை வரிசையாக வாசிப்பவர்கள் 88-ஐயும் 89-ஐயும் தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. 89-ஆம் சங்கீதம் கர்த்தருடைய உண்மையைத் தலைமுறை தலைமுறையாக அறிவிப்பேன் என்று தொடங்கி, பாதிக்கு மேல் திடீரெனத் திரும்பி, தாவீதுக்கு நீர் சத்தியம்பண்ணின உமது பூர்வ கிருபைகள் எங்கே என்று கேட்கிறது. உண்மையுள்ளவர் என்று அறிந்திருக்கிறவருக்குத்தான் அப்படிக் கேட்கத் துணிவு வரும். வாக்குக் கொடுக்காதவரிடம் யாரும் வாக்கை நினைப்பூட்டுவதில்லை. பிள்ளைகள் இதைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தால், பின்னாளில் அவர்களுடைய ஜெபத்துக்குப் பதில் தாமதிக்கும்போது ஆலயத்தை விட்டு வெளியேறாமல், ஆலயத்துக்குள்ளேயே நின்று கேள்வி கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

எரேமியாவும் கேட்டார். எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, அவர் காவற்சாலை முற்றத்தில் அடைக்கப்பட்டிருந்த நாட்களில், அவருடைய சொந்த ஊராகிய ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து நிற்கிறான். நகரம் விழும் என்று சொன்னவர் எரேமியாவே. ஆனாலும் கர்த்தர் சொன்னபடி, பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசிலே நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, நெடுநாள் இருக்கும்படி அதை ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தம் எழுத்தராகிய பாருக்கிடம் ஒப்புவிக்கிறார். எல்லாம் முடிந்த பின்பே, நகரம் கல்தேயராகிய பாபிலோனியர் கையில் போகப்போகிறதே, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்று தம் திகைப்பைக் கர்த்தரிடம் கொட்டுகிறார்.

அந்த நிலத்தில் அவர் ஒரு படி தானியம்கூட அறுக்கவில்லை. நகரம் விழுந்த பின்பு மீதியாயிருந்தவர்கள் அவரையும் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவர் ஊர் திரும்பியதாக வேதத்தில் இல்லை. பெர்சிய ராஜாவாகிய கோரேசு கி.மு. 538-இல் கட்டளையிட்டு யூதர்களை அனுப்பி வைத்தபோது, திரும்பியவர்களின் கணக்கை எஸ்றாவின் 2-ஆம் அதிகாரம் ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறது. வாசிப்பதற்குச் சலிப்பான பட்டியல் என்று பலரும் தாண்டிவிடும் அந்த அதிகாரத்தின் 23-ஆம் வசனத்தில் ஆனதோத்தின் கணக்கு இருக்கிறது: 128 பேர்.